என்ன முறை வேணும்?

பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது மணி ஐந்தாகியிருக்கவில்லை. பின்சீட்டில் இரண்டு தலையணைகள், ஒரு போர்வை, அதற்குள் இரண்டு பிள்ளைகள். தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தடுப்புக்கட்டை உயர்ந்து வண்டி நகர்ந்ததும் மூத்தவள் இருட்டிலிருந்து கேட்டாள்: "அம்மா, அவங்கள நாங்க என்னன்னு கூப்பிடணும்?"

எவங்களை என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரமாக வீட்டில் அந்தப் பேச்சுதான். உடன்குடிக்குப் பக்கத்தில், செம்மணல் தேரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கும் என் கல்லூரித் தோழியைப் பார்க்கப் போகிறோம். நானே ஓட்டுகிறேன். பிள்ளைகளின் அப்பாவுக்கு விடுப்பு இல்லை. இருந்திருந்தாலும் வந்திருப்பாரா என்பது வேறு விஷயம். கத்திரி வெயிலில் 650 கிலோமீட்டர் போய் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வர அப்படி என்ன தலைபோகிற காரியம் என்று அம்மா போனில் கேட்டாள். இப்போதுதானே பதனி இறங்கும் என்றேன். அது பொய்யில்லை.

"ஆன்ட்டின்னு கூப்பிடு" என்றேன்.

"எல்லாருமேதான் ஆன்ட்டி. கீழ்வீட்டு ஆன்ட்டி, டியூஷன் ஆன்ட்டி. இவங்க உன்னோட பெஸ்ட் ஃப்ரெண்டுன்னு சொன்னியே?"

பன்னிரண்டு வயதுக்காரியின் நியாயம். மதுராந்தகம் ஏரிப் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது. பதில் சொல்லாமல் ஓட்டினேன். சின்னவனுக்கு எட்டு வயது. அவன் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தான். சுங்கச்சாவடிகளை எண்ணுவதாகச் சபதம் செய்திருந்தவன், முதலாவதையே தவறவிட்டிருந்தான்.

தமிழில் அம்மாவின் தோழிக்கு ஒரு சொல் கிடையாது. இத்தனை நுணுக்கமாக உறவைப் பிரித்து வைத்திருக்கும் மொழியில் அந்த இடம் மட்டும் காலி. கையில் இருக்கும் சொற்களில் ஒன்றை எடுத்துத்தான் மாட்டிவிட வேண்டும். எதை எடுத்தாலும் கூடவே ஒரு கணக்கு வருகிறது. சித்தி என்றோ பெரியம்மா என்றோ சொன்னால் அவள் என் உடன்பிறந்தவள், அவள் பிள்ளைகள் என் பிள்ளைகளுக்கு அண்ணன் தம்பி. அத்தை என்றால் அவள் அந்தப் பக்கத்து ஆள். அவள் மகன் என் மகளுக்கு முறைமாப்பிள்ளை. விளையாட்டாகக் கூப்பிடுவதுதானே என்று சொல்லலாம். ஆனால் அத்தை என்ற சொல்லை நாம் அவ்வளவு சுலபத்தில் வெளியே கொடுப்பதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர் அண்ணா, பூக்காரி அக்கா, பஸ்ஸில் இடம் கொடுத்த பெரியவர் அப்பா, தாத்தா. முன்பின் தெரியாதவர்களுக்கு நாம் அள்ளிக் கொடுப்பதெல்லாம் பெண் எடுக்கவும் கொடுக்கவும் முடியாத பக்கத்துச் சொற்கள். கொடுக்கல் வாங்கல் இருக்கும் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம். பூட்டின் சாவி எது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஒருவர். செனகா பழங்குடியினரின் முறைப்பெயர்களைச் சேகரித்தவர், உலகம் முழுக்க மிஷனரிமாருக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் கேள்விப்பட்டியல் அனுப்பி எல்லா நாட்டு முறைப்பெயர்களையும் கேட்டு வாங்கினார். தமிழ்ப் பட்டியல் கைக்கு வந்ததும் திகைத்துப்போனார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பா, அம்மாவின் அக்கா தங்கையும் அம்மா, அத்தையும் மாமனும் மட்டும் வேறு என்று இரண்டு மக்களும் ஒன்றுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். 1871இல் வெளியான தன் பெரிய நூலில் இதை எழுதி, செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதையே சான்றாகவும் வைத்தார். அந்தச் சான்று பின்னால் எடுபடவில்லை. ஆனால் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு பட்டியலை வைத்தே அவர் கண்டுபிடித்த பூட்டை, அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பார்க்க இருபது வயது ஆனது.

ஆன்ட்டி, அங்கிள் என்பவை ஆங்கில மோகத்தால் வந்தவை என்று நானும் ஒருகாலத்தில் கோபப்பட்டதுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. எந்தப் பக்கமும் சாராத ஒரு சொல் நமக்குத் தேவைப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில், எதிர்வீட்டுக்காரர் யார் எவர் என்று கேட்காமல் பேச ஒரு சொல். கேட்காமல் என்பதுதான் முக்கியம். அந்த வகையில் ஆன்ட்டி ஒரு நாகரிகமான சொல்தான். சப்பென்று இருக்கிறது, அவ்வளவே.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை. பையன்கள் விடுதியில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான், மாப்ளை. யார் தங்கையை யார் கட்டுவது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. எழுந்தால் மச்சான் என்ற சொல்லே அரிவாளாகும் ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு. விடுதி வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் போகிற செருப்பு மாதிரி அந்தச் சொல். பெண்கள் விடுதியில் எங்களுக்கு இருந்தது ஒரே சொல்: ஏட்டி. பாளையங்கோட்டையில், 1998 முதல் 2001 வரை, மூன்று வருஷம் நான் அவளுக்கு ஏட்டி, அவள் எனக்கு ஏட்டி. ஏட்டி முறைக்குள் வராது. கோபத்துக்கும் அதுதான், கொஞ்சலுக்கும் அதுதான். அண்டாவில் சோறு தீர்ந்துபோனால் பாதித் தட்டை நகர்த்தி "ஏட்டி" என்றால் போதும்.

திருச்சியைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச்சாலையில் காவிரிப் பாலத்தைக் கடந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆற்றில் மணல்தான் அதிகம். வலப்பக்கம் எங்கோ உறையூர் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிநாட்டுப் பிசிரிலிருந்து ஆந்தையார் வந்து சேர்ந்த கதையையும் சொன்னேன். இரண்டு பேரும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை என்றதும் மூத்தவள், "இன்ஸ்டா ஃப்ரெண்டு மாதிரியா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

கல்லூரியில் அந்தப் பாடல்களை எங்களுக்கு நடத்தினார்கள். நட்பு என்றால் அது என்று மனப்பாடம் செய்தோம். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆந்தையார் சொல்லும் பதிலில் முதலில் வருகிறவர்கள் குணமான மனைவியும் அறிவு நிரம்பிய பிள்ளைகளும்தான். அப்போது அது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள், கிளம்பி வந்துவிட்டார். அந்தப் புலவரின் மனைவிக்குப் பிசிருக்கு அப்பால் ஒரு தோழி இருந்திருந்தால் அவள் எப்படிப் போயிருப்பாள்? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும், என்னைப் போல. வழியெல்லாம் ஒன்றுக்கு வருகிறது என்ற குரலுக்கு நின்று நின்று. நானும் அவளும் தலைக்குச் சாயம் பூசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் ஓர் இரவு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அறையில் ஏசி ஓடியது, பிள்ளைகள் ஜிகர்தண்டா குடித்தார்கள்.

மறுநாள் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிச் சாலை. கோடைக் கரிசல் வெடித்துக் கிடந்தது. உடைமரம், வேலிக்கருவேலம் தவிர நிமிர்ந்து நின்றது எதுவுமில்லை. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கலாம் என்றால் இறங்க மறுத்துவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. தூத்துக்குடியைச் சுற்றி முள்ளக்காட்டுப் பக்கம் வந்தபோதுதான் சின்னவன் எழுந்து உட்கார்ந்தான். "பனியா?" என்றான். உப்பளம். பாத்தி பாத்தியாகக் கண் கூசும் வெள்ளை. கரையில் குவித்து ஓலை போட்டு மூடிய அம்பாரங்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் சுமந்துகொண்டிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிஷம் நின்றோம். அதற்குமேல் நிற்க முடியவில்லை. கடல்நீரை வெயில் காய்ச்சினால் உப்பு, பனஞ்சாற்றைத் தீ காய்ச்சினால் கருப்பட்டி. இந்த மாவட்டத்துக்கு இரண்டும் ஒரே பருவத்து விளைச்சல். ஊரெல்லாம் வெயிலைச் சபிக்கும் மாதங்களில் இங்கே வெயில் குறைந்தால் சபிப்பார்கள்.

ஆத்தூர்ப் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்தோம். நான் பிறந்த ஆறு இது. ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான் மொத்த நீளம். மேலே பொதிகையிலிருந்து இறங்கியதும் பாபநாசம், அம்பாசமுத்திரம். கீழே புன்னைக்காயலில் கடல். நடுவில் எட்டு அணைக்கட்டுகள், கடைசி ஸ்ரீவைகுண்டத்தில். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. வருஷம் முழுக்கத் தண்ணீர் சலசலக்கும் வாய்க்கால் எங்கள் தெருமுனையில் ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிய ஆறு எப்படி இருக்கும் என்று இருபது வயது வரை நான் யோசித்ததில்லை. மே மாதத்து ஆத்தூர்ப் பாலத்தின் கீழே ஆகாயத்தாமரைக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் நின்றது.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது 1999 டிசம்பரில், அரைப் பரீட்சை விடுமுறைக்கு. நான்கு நாள். ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் சொல்லிக்கொடுத்திருந்தேன், எங்க வீட்டுல ஆச்சிதான் எல்லாம், ஆச்சின்னே கூப்பிடு என்று. வாசற்படி ஏறியதும் அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, "ஆச்சி, சொகமா இருக்கியளா?" என்றாள். ஆச்சி முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், மிகவும் மென்மையாகச் சொன்னாள்: "பாட்டின்னு கூப்பிட்டாப் போதும்மா."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பாட்டி என்ற சொல்லே கிடையாது. தெருவில் கீரை விற்றுக்கொண்டு வருகிறவளைத்தான் பாட்டி என்போம். மற்றபடி ஆச்சி ஒரு குறையும் வைக்கவில்லை. மறுநாள் அவளுக்காகத் தேங்காய்ப் பால் எடுத்துச் சொதி வைத்தாள், இஞ்சிப் பச்சடி அரைத்தாள், ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பரிமாறினாள். தம்ளரை மாற்றி வைத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அதற்கான வசனங்கள் அந்த வயதில் என்னிடம் தயாராக இருந்தன. ஒரு சொல்லுக்காக எப்படிச் சண்டை போடுவது? நான்கு நாளும் அவள் "பாட்டி" என்றே கூப்பிட்டாள். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆச்சி 2009இல் இறந்தாள். வீட்டையும் பிறகு விற்றாயிற்று. ஆச்சியைப் போல என்னை நேசித்தவர்கள் குறைவு. இதையும் இங்கேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆச்சிக்கு அநியாயம் செய்தவளாவேன்.

திருச்செந்தூர் தாண்டி உடன்குடிச் சாலையில் திரும்பியதும் நிலத்தின் நிறம் மாறத் தொடங்கியது. வெளிர்மஞ்சள், காவி, பிறகு செங்கல் பொடி. இரண்டு பக்கமும் பனை. அவள் வீட்டு வாசலில் வேப்பமரத்து நிழல் இருந்தது. அவள் ஓடிவரவில்லை, நானும் ஓடவில்லை. நாற்பத்துச் சொச்சம் வயது, கையில் பை. "ஏட்டி, மெலிஞ்சிட்டியே" என்றாள். அது பொய்.

திண்ணையில் அவளுடைய மாமியார். எண்பதை நெருங்கும் வயது, கழுத்தில் ஒரு கருப்புக் கயிறு மட்டும். பிள்ளைகள் என் பின்னால் ஒண்டினார்கள். கிழவி இரண்டு கைகளையும் நீட்டி, "வாங்கய்யா, வா தாயி, எதுக்குக் கூச்சம்? ஆச்சின்னு கூப்பிடுங்க" என்றாள்.

பிள்ளைகளுக்கு அது புதுச்சொல். சென்னையில் அவர்களுக்கு ஒரு பாட்டி உண்டு, ஓர் அம்மம்மா உண்டு. "ஆச்சி" என்று சின்னவன் சொல்லிப் பார்த்தான். மசாலாப் பொடியின் பெயராக மட்டும் தெரிந்த சொல், அவன் வாயில் கொஞ்சம் விளையாட்டாக ஒலித்தது. நான் டிக்கியைத் திறந்து சாமான்களை இறக்கப் போனேன். இறக்க நிறைய இருக்கவில்லை. நின்றுவிட்டு வந்தேன்.

அவள் அங்கேயே தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கணவருக்குப் பம்பாயில் கடை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். மகன் பத்தாம் வகுப்பு முடித்து முடிவுக்காகக் காத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் அறுபது பனை. அதைப் பாட்டத்துக்கு எடுத்த பனையேறி ஒருவரும் அவர் மனைவியும் விடிலி போட்டுத் தங்கியிருந்தார்கள். மாசி பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை ஓடும். பள்ளி விடுமுறையில் இவளும் விடிலியில் போய் நிற்பாள். நிற்காமல் இருக்க முடியவில்லை என்கிறாள்.

மறுநாள் விடியுமுன் எல்லோரையும் எழுப்பிவிட்டாள். முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் திளாப்பை மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டி ஆட அந்த மனிதர் ஏறியதைப் பிள்ளைகள் வாய் மூடாமல் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. மேலே போய்ப் பாளையைச் சீவிவிட்டு, கலயத்தில் சேர்ந்ததைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு இறங்கினார். இறங்கிய மூச்சு அடங்குமுன் அடுத்த மரம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை; ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், காய்ச்சலானாலும் ஏற வேண்டும். கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்புதான் பதனியையும் கள்ளையும் பிரிக்கிற கோடு என்று தோழியின் மகன் என் மகனுக்கு விளக்கினான். ஓலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றிக் கொடுத்தார்கள். மூத்தவள் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், சின்னவன் மூன்று பட்டை குடித்தான், பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

"ஒன் மகனுக்கு ஏறத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சொல்லிக் கொடுக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவிய தாத்தா விழுந்துதான் செத்தாவ" என்றாள்.

விடிலி என்பது ஓலைக்குடிசை. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. தரையோடு தரையாக அடுப்பு, அதன்மேல் அகன்ற தாச்சி, எரிக்க உடைமுள்ளும் காய்ந்த பனைமட்டையும். வெளியே நூற்றைந்து டிகிரி வெயில் என்றால் உள்ளே எவ்வளவு என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். பனையேறியைப் பற்றிப் பாட்டுண்டு, கதையுண்டு, நாவலுண்டு. மரத்தின் உச்சியில் நிற்கிறவர் தூரத்திலிருந்தே தெரிகிறார். தாச்சியின் முன் மூன்று நான்கு மணிநேரம் உட்கார்ந்து கிண்டுகிறவள் குடிசைக்குள் புகையாகத் தெரிகிறாள். பத்து லிட்டர் பதனியைக் காய்ச்சினால் ஒன்றரைக் கிலோ கருப்பட்டி கிடைத்தால் பெரிது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நல்லதுதான். சீனிப்பாகைக் கலந்து ஊற்றுகிறவனும் அதே பெயரை அச்சடித்துத்தான் விற்கிறான் என்று தோழி சொன்னாள். 2021இல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்ததையும் சொன்னாள். "மரத்த வெட்டாண்டாம்னு சொல்லிட்டாவ, சரி. ஏற ஆளு வேணும்லா?"

பனையேறியின் மனைவி வெற்றிலை போட வெளியே போயிருந்த நேரத்தில் அகப்பை தோழியின் கைக்கு வந்தது. நான் வாசலோரம் குந்தியிருந்தேன். பதனி நுரைத்துப் பொங்கும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போட்டாள். நுரை சட்டென்று அடங்கியது. பேச வந்ததைப் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்சு. ஆனால் எப்படித் தொடங்குவது?

"அம்பையில எங்க வீட்டுக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இல்லாமலா? ஆத்துல அம்புட்டுத் தண்ணிய நான் அதுக்கு முன்ன பார்த்ததில்லல்லா. பயந்து பயந்து இறங்கினேன், நீ இழுத்துவிட்ட, மூதி." சிரித்தாள். "ஒங்க வீட்டுச் சொதி. அதே மாதிரி வச்சுப் பாத்தேன், வரல."

சரி, மறந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கூடவே, சொன்னால் வெட்கமாக இருக்கிறது, லேசான ஏமாற்றமும் வந்தது. நான் மட்டும் இவ்வளவு காலம் சுமந்தேனா என்று. அவளுக்காகச் சுமப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

பாகு இறுகிக்கொண்டு வந்தது. கூப்பனிப் பதம் என்றாள். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு தாச்சியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பாட்டின்னு கூப்பிடச் சொன்னாவ."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். "பிடிட்டி, பிடி, பதம் தப்பிரும்" என்று அவள் கத்தினாள். துணியைச் சுற்றித் தாச்சியின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறுபக்கத்தை அவள் பிடிக்க, இறக்கி வைத்தோம். மணலில் வரிசையாகக் கவிழாமல் பதித்து வைத்திருந்த சிரட்டைகளில் மளமளவென்று ஊற்றிக்கொண்டே போனாள். நிறுத்த முடியாத வேலை. நிறுத்தினால் தாச்சியிலேயே கட்டிப்போகும். நாற்பத்தோரு சிரட்டை. எண்ணினேன், வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

சாயங்காலம் தேரிக்குப் போனோம். குவார்ட்ஸ் மணலின் ஒவ்வொரு பொடியையும் இரும்புத் துரு போர்த்தியிருப்பதால்தான் இந்தச் சிவப்பு என்று அவள் மகன் சொன்னான், ஆசிரியை மகன். வெறுங்காலோடு மேட்டில் ஏறிச் சறுக்கி ஏறிச் சறுக்கி என் பிள்ளைகள் முழங்கால்வரை சிவந்துபோனார்கள். ஆடிக் காற்றில் இந்த மேடுகள் இடம் மாறும். நேற்று ஏறிய மேட்டை அடுத்த வருஷம் தேடினால் கிடைக்காது. இத்தனை மணலுக்கு நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் வற்றாத சுனை ஒன்று உண்டு. மழையை மணல் குடித்து அடியில் வைத்துக்கொள்கிறது. மேற்கே கற்குவேல் அய்யனார். கடற்கரைப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் 2024இல் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம். ராக்கெட் விடும்போது திரும்ப வருவோம் என்று சின்னவன் முடிவே செய்துவிட்டான். இங்கிருந்து விட்டால் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே போகலாமாம். அவனுக்கு அது அண்ணன் சொன்னது. அந்தப் பையனை வந்த அரைமணி நேரத்தில் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான், யாரையும் கேட்கவில்லை.

"அப்ப அவங்க பெரியம்மாதானே?" என்று மூத்தவள் மெதுவாக என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவளுக்கு அந்தக் கணக்கு வருமென்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது.

இரவு முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தபோது கிழவி கேட்டாள்: "ஒங்களுக்கு எந்தச் சாஸ்தா?"

எங்கள் பக்கத்தில் இதைவிட நேரான கேள்வி கிடையாது. ஊர் கேட்டால் ஊர் மட்டும் தெரியும். சாஸ்தா தெரிந்தால் எல்லாம் தெரியும். பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலில் பொங்கலிடுகிறாய் என்பதை வைத்து யார் பங்காளி, யார் சம்பந்தி, யார் இரண்டுமில்லை என்று சொல்லிவிடுவார்கள். வயிற்றில் ஏதோ இறங்கியது. "சொரிமுத்து அய்யனார்" என்றேன்.

"காரையாறு. மலைக்கு மேல." கிழவி வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "எல்லாச் சாஸ்தாவுக்கும் மூத்தவரு அவருதான்னு சொல்லுவாவ. அப்ப எங்க அய்யனாருக்கு ஒங்க அய்யனாரு அண்ணன் முறை." இவ்வளவு எளிதாக ஒரு வழி இருந்திருக்கிறது. தோழி இருட்டில் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும் காலையில்தான் அது நடந்தது. சின்னவன் இரண்டு நாளாக அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்துக்கொண்டிருந்தான். சேலையைத் தொடுவான், "இங்க பாருங்க" என்பான். அன்று நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவளிடம் ஓடிப்போய், என் வாயில் கேட்ட அதே தொனியில், "ஏட்டி, எனக்கு இன்னொன்னு" என்றான்.

முற்றம் ஒரு கணம் நின்றது. எட்டு வயதுப் பயல் அம்மா வயதுக்காரியை ஏட்டி என்பதா? நான் கையை ஓங்கிவிட்டேன். கிழவிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவள் அரிவாளைக் கீழே வைத்தாள், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "என்ன வேணும் எசமான்?" என்று கேட்டு மூன்று கண்ணையும் அவனுக்கே தோண்டிக் கொடுத்தாள்.

இரண்டு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி, ஒரு கொட்டானில் இஞ்சி போட்ட சில்லுக்கருப்பட்டி, முதலூரிலிருந்து வாங்கி வைத்திருந்த மஸ்கோத் அல்வா. டிக்கியில் வெயில்பட்டு இளகும், பழைய செய்தித்தாள் விரித்துக்கொள் என்றாள். விரித்தும் பயனில்லை. அருப்புக்கோட்டைக்கு அருகே டீக்கடையில் நிறுத்தித் திறந்தபோது, பெட்டியின் ஓரத்தில் பாகு கசிந்திருந்தது. எங்கிருந்து ஏறியது என்று தெரியவில்லை, ஸ்டெப்னி மூடியின் மேலாகச் செவ்வெறும்பு வரிசை ஒன்று நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்தது. உடன்குடி எறும்பா அருப்புக்கோட்டை எறும்பா என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

வண்டியை எடுத்ததும் என் போனை வாங்கிக்கொண்டு சின்னவன் பின்சீட்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சி போன எடுக்க மாட்டேங்கறாங்கம்மா" என்றான்.

எந்த ஆச்சி என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"விடிலிப் பக்கம் போயிருப்பாங்க" என்றேன். "அங்க சத்தம் கேக்காது. ராத்திரி போடலாம்."